‘சர்க்கரை இல்லை, நார்ச்சத்து அதிகம்’ – இந்த ஸ்நாக் பார்தான் என் வயிற்றைப் படுத்துகிறதா?

கடிதம்

செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய்வரும் வங்கி ஊழியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 36. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மூன்று வருடங்களாக அவருக்கு வயிற்று வலியும் உப்புசமும் இருக்கின்றன. சில நாள் மூன்று நான்கு முறை இளகிப் போகிறது, சில நாள் முக்கினாலும் வருவதில்லை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் நார்மல். குடல் நோய் மருத்துவர் பார்த்து ‘ஐபிஎஸ்’ (இரிடபிள் பவல் சிண்ட்ரோம்: பரிசோதனைகள் நார்மலாக இருந்தும் வயிற்று வலியும் மலப்போக்கில் மாற்றமும் தரும் குடல் கோளாறு) என்று சொல்லி, வலிக்கு மாத்திரை கொடுத்து, ஒத்துக்கொள்ளாததைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார். அதன்பின் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலைப் பார்த்து இவராகவே, குடலில் நொதிக்கும் உணவுகளைக் குறைக்கும் ‘லோ ஃபாட்மேப்’ டயட்டில் இறங்கிவிட்டார். ஐந்து மாதங்களாகக் கோதுமை, பால், தயிர், வெங்காயம், பூண்டு, பருப்பு எதையும் தொடுவதில்லை. பழங்களிலும் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டார்.

மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. அந்தப் பயத்தில் காலையில் ஒரு டம்ளர் ஃபில்டர் காபியோடு கிளம்பிவிடுகிறார். பத்தரை மணிக்குப் பையிலிருந்து ஒரு ஸ்நாக் பார். மாதக் கடைசியில் வேலை நெருக்கும்போது மதியச் சாப்பாடும் பார்தான். எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. இவ்வளவு பார்த்துச் சாப்பிட்டும், “மூன்று மணிக்கெல்லாம் வயிறு ஊதி, சேலைக் கொசுவத்தைத் தளர்த்தி விட வேண்டியிருக்கிறது” என்கிறார். கணவர், “எல்லாம் உன் மனசுதான்” என்கிறாராம். தான் வாங்கும் மூன்று பார்களின் உறையில் உள்ளதை வரி விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறார். எந்த பிராண்டை வாங்கலாம், க்ளூட்டன் ஃப்ரீ (கோதுமைப் புரதம் இல்லாதது) வாங்கினால் சரியாகிவிடுமா, இந்த டயட் ஆயுள் முழுக்கவா, அடுத்த மாதம் ஐந்து நாள் பயிற்சிக்கு மும்பை போகும்போது எதைக் கொண்டுபோவது என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

உறைகளை எழுதி அனுப்பியதற்கு முதலில் நன்றி. பாதி விடை அதிலேயே இருக்கிறது. நீங்கள் சாப்பாட்டில் இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும் வயிறு அடங்காததற்கு உங்கள் தவறு காரணமில்லை. வீட்டுச் சமையலிலிருந்து நீங்கள் நீக்கிய அதே வகைப் பொருள்கள் அந்த பார்கள் வழியாக, சில நேரம் இன்னும் கூடுதல் அளவில், உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன. ‘சர்க்கரை இல்லை’, ‘நார்ச்சத்து அதிகம்’, ‘க்ளூட்டன் ஃப்ரீ’ ஆகியவற்றைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொண்டீர்கள். ஐபிஎஸ் உள்ளவருக்கு இந்த மூன்றில் எதுவும் அந்த உறுதியைத் தருவதில்லை. முதல் இரண்டும் பல நேரம் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டியவை.

ஏன் என்று சொல்கிறேன். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடல் வரை போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதிக்கும் சில சர்க்கரை வகைகளுக்கும் குறுகிய சங்கிலி மாவுச்சத்துகளுக்கும் கொடுக்கப்பட்ட கூட்டுப் பெயர்தான் ஃபாட்மேப். மெல்பர்ன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005இல் முன்வைத்த பெயர் அது. கோதுமை, வெங்காயம், பூண்டில் உள்ள ஃப்ரக்டான். பருப்பு, கொண்டைக்கடலை, முந்திரியில் உள்ள காலக்டோ வகை. பாலில் உள்ள லாக்டோஸ். தேன், மாம்பழத்தில் மிகுந்திருக்கும் ஃப்ரக்டோஸ். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சார்பிடால், மால்டிடால் போன்ற பாலியால்கள் ஆகியவை இதில் அடங்கும். இவை எதுவும் நஞ்சு இல்லை. நல்ல குடலுக்கு இவற்றில் பல நன்மையே செய்கின்றன.

இங்கிலாந்தில் நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்ஆர்ஐ ஸ்கேன் வழியாக இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஃப்ரக்டோஸ் குடித்தவர்களின் சிறுகுடலில் தண்ணீர் சேர்ந்தது. இனுலின் (இன்சுலின் அல்ல, ஃப்ரக்டான் வகை நார்) குடித்தவர்களின் பெருங்குடலில் வாயு சேர்ந்தது. அவர்களே பின்னால் ஐபிஎஸ் உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டபோது, இரு தரப்பிலும் இனுலினால் சேர்ந்த வாயுவின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் வலியும் உப்புசமும் ஐபிஎஸ் உள்ளவர்களுக்குத்தான் அதிகம். உங்கள் தோழி அதே பாரைத் தின்றுவிட்டுச் சும்மா இருப்பதற்கும் நீங்கள் கொசுவத்தைத் தளர்த்துவதற்கும் காரணம் இதுதான். உள்ளே சேரும் வாயு ஒன்றேயானாலும், உங்கள் குடலின் நரம்புகள் அதைக் கூடுதலாக உணர்கின்றன.

நீங்கள் அனுப்பிய மூன்று உறைகள்

முதலாவது ‘சர்க்கரை சேர்க்காதது’. அதில் வரிசையாகப் பேரீச்சை, முந்திரி, பாதாம், உலர் அத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். எடையில் எது அதிகமோ அதை முதலில் அச்சிட வேண்டும் என்பது லேபிள் விதி. ஆக, இந்த பாரில் பெரும்பகுதி பேரீச்சைதான். வெளியிலிருந்து சர்க்கரை போடவில்லை என்பது உண்மை. ஆனால் பேரீச்சையிலும் அத்தியிலும் ஃப்ரக்டான் உண்டு, முந்திரியில் அதோடு காலக்டோ வகையும் உண்டு. பாதாம் ஒன்றுதான் பத்து பருப்பு அளவில் பொதுவாகத் தொந்தரவு தராதது, அதுவும் இந்த பட்டியலில் மூன்றாவதாக வருகிறது. நல்ல உணவுதான், சந்தேகமில்லை. உங்களுக்கு, இப்போதைக்கு, இந்த அளவில் பொருந்தாது.

இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ‘20 கிராம் புரதம், சர்க்கரை இல்லை’ என்று முகப்பில் போட்டிருக்கிறது. பின்பக்கம்: வே புரோட்டீன் கான்சன்ட்ரேட், மால்டிடால் (965), ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைட், சோயா மாவு, கிளிசரால் (422), கோகோ. வே என்பது பாலிலிருந்து எடுக்கும் புரதம், அதன் கான்சன்ட்ரேட்டில் லாக்டோஸ் மிச்சம் இருக்கும். அதையே ‘ஐசொலேட்’ என்று போட்டிருந்தால் லாக்டோஸ் மிகக் குறைவு. மால்டிடால் ஒரு பாலியால். அரைகுறையாக உறிஞ்சப்பட்டு, மீதி தண்ணீரை இழுத்துக்கொண்டு கீழே போகும். பாலியால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள பொருளின் உறையில், மலமிளக்கும் தன்மை இருக்கலாம் என்று எச்சரிக்கை போட வேண்டும் என்று நம் நாட்டு விதியே சொல்கிறது. பார் உறைகளில் அது மடிப்புக்குள் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைட் என்பது ஃப்ரக்டானின் இன்னொரு பெயர். நீங்கள் ஐந்து மாதமாக வெங்காயத்தையும் பூண்டையும் எதற்காக ஒதுக்குகிறீர்களோ, அது இங்கே ‘நார்ச்சத்து 10 கிராம்’ என்ற பெருமையோடு உட்கார்ந்திருக்கிறது. மாதக் கடைசியில் ஒரே நாளில் இதையே இரண்டு சாப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்களில்தான் வயிறு மோசமாக இருக்கிறது என்றும் அதே கடிதத்தில், வேறொரு பக்கத்தில் இருக்கிறது. வேலை நெருக்கடியின் பங்கும் அதில் உண்டு, ஆனால் பாரின் பங்கு சிறியதாக இருக்க முடியாது.

மூன்றாவது ‘க்ளூட்டன் ஃப்ரீ சிறுதானிய பார்’. ராகி, கம்பு, தேன், சிக்கரி வேர் நார், உலர்ந்த மாம்பழம். இதில் ராகியையும் கம்பையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவற்றை ஒட்டவைக்கச் சேர்த்திருப்பதுதான் பிரச்சினை. தேனிலும் மாம்பழத்திலும் ஃப்ரக்டோஸ் மிகுதி, சிக்கரி வேர் நார் என்பது இனுலின். இதை அரை பார் சாப்பிட்ட அன்று ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஃபாட்மேப் விஷயத்தில் அளவுதான் பேசும். ஒரு பொருள் உங்களுக்கு ஆகுமா ஆகாதா என்ற கேள்வியை விட, எவ்வளவு வரை ஆகும் என்ற கேள்விதான் பயன் தரும்.

சிக்கரி என்றதும் காபி ஞாபகம் வந்து பயந்துவிடாதீர்கள். ஃபில்டர் காபித் தூளில் கலக்கும் சிக்கரியும் அதே செடியின் வேர்தான். ஆனால் வறுக்கும்போது அதன் இனுலினில் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது, ஒரு டம்ளரில் இறங்கும் அளவும் சொற்பம். உங்கள் காபியில் எனக்கு உறுத்துவது, விடிகாலை வெறும் வயிற்றில் அது மட்டும் போவதுதான். கஃபீன் பெருங்குடலைத் தூண்டிவிடும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

எந்த பிராண்ட் என்று கேட்டீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், காரணம் இருக்கிறது. ஒரே கம்பெனியின் சாக்லேட் சுவைக்கும் வேர்க்கடலைச் சுவைக்கும் சேர்மானம் வேறு. ஆறு மாதம் கழித்து அதே சுவைக்கே சேர்மானம் மாறியிருக்கும். பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் இருந்தால் எந்தக் கடையிலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

முதல் மூன்று பொருள்களைப் பாருங்கள். அங்கே பேரீச்சை, அத்தி, முந்திரி, பிஸ்தா, தேன், கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். வேர்க்கடலை, பாதாம், பூசணி விதை, சூரியகாந்தி விதை, எள், ஓட்ஸ், பொரித்த அரிசி, சர்க்கரை, வெல்லம், குளுக்கோஸ் சிரப் இருந்தால் மேலே படிக்கலாம். ‘குளுக்கோஸ் சிரப்’ என்ற பெயர் பலரை மிரட்டுகிறது. சர்க்கரை நோயாளிக்கு அது வேண்டாம்தான். ஆனால் குளுக்கோஸ் சிறுகுடலிலேயே சுலபமாக உறிஞ்சப்பட்டுவிடும், ஐபிஎஸ் குடலுக்கு அதனால் தொல்லை இல்லை. உங்களுக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று ரிப்போர்ட்டில் பார்த்தேன், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்து, எந்த இடத்தில் வந்தாலும் விலக்க வேண்டியவை: இனுலின், சிக்கரி நார், ஃப்ரக்டோ ஒலிகோசாக்கரைட், அதன் சுருக்கமான எஃப்ஓஎஸ். இவை நாலாவது, ஐந்தாவதாக வந்தாலும் வேலையைக் காட்டிவிடும். நார்ச்சத்து எவ்வளவு என்பதோடு எதிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஓட்ஸிலிருந்தும் விதைகளிலிருந்தும் வரும் இரண்டு மூன்று கிராம் வேறு, பொடியாகக் கொட்டிய பத்து கிராம் வேறு.

கடைசியாக, உறையில் சேர்பொருள்களைக் குறிக்கும் எண்கள். 420 சார்பிடால், 421 மானிடால், 953 ஐசோமால்ட், 965 மால்டிடால், 967 சைலிடால். இந்த ஐந்தையும் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 420ஐயும் 422ஐயும் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 422 கிளிசரால், பார் காய்ந்து போகாமல் இருக்கச் சேர்ப்பது. அதற்காக ஒரு பாரை ஒதுக்க வேண்டியதில்லை. சுக்ரலோஸ் (955), ஸ்டீவியா (960) இரண்டும் பாலியால் அல்ல.

க்ளூட்டன் ஃப்ரீ வாங்கினால் போதுமா?

இங்கே உங்களைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. கோதுமை சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது என்பதால் க்ளூட்டன்தான் எதிரி என்று முடிவுகட்டிவிட்டீர்கள். கோதுமையில் க்ளூட்டன் என்ற புரதமும் இருக்கிறது, ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது. இரண்டில் எது படுத்துகிறது என்று நார்வேயின் ஓஸ்லோ நகரில் ஒரு குழு சோதித்து 2018இல் வெளியிட்டது. அவர்கள் அந்தச் சோதனைக்குப் பயன்படுத்தியதும் பார்தான், மியூஸ்லி பார். செலியாக் நோய் (க்ளூட்டனால் சிறுகுடல் பழுதாகும் நோய்) இல்லாமல், தங்களுக்கு க்ளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று நம்பிய 59 பேருக்கு மூன்று வகை பார்களை ஏழு ஏழு நாள், இடைவெளி விட்டுக் கொடுத்தார்கள். ஒன்றில் 5.7 கிராம் க்ளூட்டன், இன்னொன்றில் 2.1 கிராம் ஃப்ரக்டான், மூன்றாவதில் இரண்டும் இல்லை. எது எதுவென்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது. ஃப்ரக்டான் பார் தின்ற வாரத்தில்தான் தொந்தரவு கூடுதலாகப் பதிவானது. க்ளூட்டன் பாருக்கும் வெறும் பாருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

வெறும் 2.1 கிராம் ஃப்ரக்டான் செய்த வேலை அது. உங்கள் இரண்டாவது பாரில் நார்ச்சத்தே 10 கிராம், அதில் பெரும்பங்கு அதே வகை.

ஆனால் க்ளூட்டன் விஷயத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் செலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை இல்லை. வட மாநிலங்களோடு ஒப்பிட்டால் தென்னிந்தியாவில் அந்த நோய் குறைவு, ஆனாலும் இல்லாமல் இல்லை. கோதுமையை விட்டிருக்கும்போது அந்தப் பரிசோதனை செய்தால், நோய் இருந்தாலும் இல்லை என்றே வரக்கூடும். ஆறு வாரமாவது தினமும் சப்பாத்தியோ கோதுமை உப்புமாவோ சாப்பிட்டபின் எடுத்தால்தான் முடிவை நம்பலாம். இதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கொலோனோஸ்கோபி நார்மல் என்பதால் செலியாக் இல்லை என்று ஆகிவிடாது, அது சிறுகுடலைத் தாக்கும் நோய்.

“எல்லாம் மனசுதான்”

ஓஸ்லோ ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு. அந்த 59 பேரில் 22 பேருக்கு, இரண்டுமே சேர்க்காத வெறும் பார் தின்ற வாரத்தில்தான் தொந்தரவு உச்சத்தில் இருந்தது. இதை உங்கள் கணவரிடம் காட்டினால் ‘பார்த்தாயா’ என்பார். அவர் சொல்வதில் ஒரு துளி உண்மையும் பெரிய அநியாயமும் சேர்ந்தே இருக்கின்றன. குடலும் மூளையும் நரம்புகளால் இடைவிடாமல் பேசிக்கொள்கின்றன. ஐபிஎஸ்ஸுக்கு இலக்கணம் வகுக்கும் ரோம் குழுவும், 2016இல் வெளியிட்ட நான்காவது பதிப்பிலிருந்து, இதைக் குடல்–மூளைத் தொடர்பில் வரும் கோளாறு என்றே வகைப்படுத்துகிறது. பயத்தோடு சாப்பிட்டால் வலி கூடும், உண்மை. அதற்காக வலி கற்பனை ஆகிவிடாது. ஒன்றரை மணி நேரம் கழிப்பறை இல்லாத ரயிலில் நின்றுகொண்டு போகும் ஒருவருக்கு வரும் பயம் மனநோயும் அல்ல. தயவுசெய்து இந்தப் பத்தியை அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

பயம் சம்பந்தமாக இன்னொன்று. “சாப்பிட்ட பத்து நிமிடத்தில் ஓட வேண்டியிருக்கிறது, அப்படியானால் அந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் அந்த உணவு பெருங்குடலைத் தொட்டிருக்கவே முடியாது. இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் தானாகச் சுருங்கும். எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல் இது, ஐபிஎஸ்ஸில் கொஞ்சம் உரக்க நடக்கிறது. வெளியேறுவது முன்னால் சாப்பிட்டது. இட்லி மேல் நீங்கள் போட்ட பழி அநேகமாகப் பொய்ப்பழி. அதே கணக்கில், மூன்று மணி உப்புசத்துக்குக் காரணம் தேடும்போது பத்தரை மணி பாரையும் சேர்த்துப் பாருங்கள். நொதித்தல் நடக்கச் சில மணி நேரம் ஆகும்.

இந்த அனிச்சைச் செயலை உங்களுக்குச் சாதகமாகவே திருப்பலாம். ரயிலுக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியும் தேங்காய்ச் சட்னியும் சாப்பிடுங்கள், காபியை அதற்குப்பின் குடியுங்கள். குடல் வீட்டிலேயே ஒருமுறை இயங்கிவிட வாய்ப்பு கிடைக்கும். முதல் ஒரு வாரம் நம்பிக்கை வராது. விடுமுறை நாட்களில் பழகிவிட்டு வேலை நாட்களுக்குக் கொண்டுவாருங்கள். இளகிப்போகும் நாட்களில் பயணத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ள மாத்திரை தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். மருந்துக்கடையில் நீங்களாக வாங்க வேண்டாம். உங்களுக்கு மலச்சிக்கல் நாட்களும் இருப்பதால் அளவு தவறினால் அவதி.

ஐந்து மாதம் அதிகம்

ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். இல்லவே இல்லை. இந்த டயட்டின் நீக்கும் கட்டம் 2 முதல் 6 வாரம்தான். அதற்குள் பலன் தெரிந்தால் ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துச் சோதிக்க வேண்டும். பலன் தெரியாவிட்டால் டயட்டையே கைவிட வேண்டும். வாட்ஸ்அப் பட்டியல் முதல் கட்டத்தோடு நின்றுவிட்டது. பருப்பு, பால், தயிர், பழம் எல்லாவற்றையும் நீண்ட நாள் விட்டால் கால்சியமும் புரதமும் குறையும், குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களில் பைஃபிடோ வகையும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நான்கு கிலோ குறைந்ததற்குச் சாப்பாட்டைச் சுருக்கியதே காரணமாக இருக்கலாம். ஆனால் நான் அப்படி ஊகித்துக்கொண்டு விட்டுவிட மாட்டேன், நீங்களும் விடாதீர்கள். எடை குறைந்ததை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, குடல் அழற்சியைக் காட்டும் மலப் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். மலத்தில் ரத்தம், காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ரத்தசோகை இவற்றில் எது வந்தாலும் ஐபிஎஸ் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. நம் ஊரில் குடல் காசநோயும் ஒட்டுண்ணித் தொற்றும் இதே வேடத்தில் வருவதுண்டு.

திரும்பச் சேர்ப்பதை ஒரு உணவியல் நிபுணரோடு செய்தால் நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். முறை இதுதான்: ஒரு நேரத்தில் ஒரே வகை. மூன்று நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போய், பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. நான் தயிரிலிருந்து தொடங்கச் சொல்வேன். பாலை விட அதில் லாக்டோஸ் குறைவு, பலருக்கு ஒத்துக்கொள்கிறது. அடுத்து துவரம்பருப்பு, முதல் நாள் சாம்பாரில் ஒரு கரண்டி, மூன்றாம் நாள் ஒரு கிண்ணம். பிறகு ஒரு சப்பாத்தி, இரண்டு சப்பாத்தி. பூண்டையும் வெங்காயத்தையும் கடைசியாக, தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அவைதான் பலருக்குக் கடினம். அதுவரை பூண்டின் மணம் வேண்டுமானால் எண்ணெயில் முழுப்பல்லை வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. மாதக் கடைசி வாரத்திலும் மாதவிடாய் நாட்களிலும் எதையும் சோதிக்காதீர்கள். அப்போது குடல் எப்படியும் சீண்டலாகத்தான் இருக்கும், குற்றம் தப்பான ஆள் மேல் விழும்.

நார்ச்சத்துக்காகத்தான் அந்த பாரை வாங்கினேன் என்றீர்கள். அதற்கு இசப்கோல் போதும். அது கரையும் நார், ஆனால் குடலில் மெதுவாகவும் குறைவாகவுமே நொதிக்கும். அமெரிக்க இரைப்பை–குடல் மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஐபிஎஸ்ஸுக்குக் கரையும் நாரைத்தான் பரிந்துரைக்கிறது. ஒரு தேக்கரண்டியில் தொடங்கி நிறையத் தண்ணீரோடு எடுங்கள். கோதுமைத் தவிட்டை இதற்காக அள்ளிப் போட வேண்டாம், பலருக்கு அது உப்புசத்தைக் கூட்டுகிறது.

பையில் எதை வைப்பது?

நம்மிடம் ஏற்கெனவே ஒரு பார் இருக்கிறது: கடலை மிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் சேர்மானம் பெரும்பாலும் வேர்க்கடலையும் வெல்லமும்தான். இனுலின் இல்லை, மால்டிடால் இல்லை, எண்கள் இல்லை. வேர்க்கடலை ஒரு பிடி அளவில் ஃபாட்மேப் குறைவானது. வெல்லத்தில் பெரும்பகுதி சுக்ரோஸ், சிறிய துண்டு தொல்லை தராது. எள்ளு மிட்டாயும் அப்படியே. பொரி உருண்டையும் நல்லது, அதில் பொட்டுக்கடலை நிறையப் போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அது கொண்டைக்கடலைதான். முந்திரி மிட்டாயும் பேரீச்சை உருண்டையும் இப்போதைக்கு வேண்டாம்.

கடலை மிட்டாய் ஒரு முழுப் பாக்கெட் வேண்டாம். வேர்க்கடலையில் எண்ணெய்ப்பசை அதிகம், கொழுப்பு ஒரே நேரத்தில் கூடினால் அதுவும் குடலைத் தூண்டும். இரண்டு சிறு துண்டும், கூடவே ஓர் ஆரஞ்சோ கெட்டியான வாழைப்பழமோ போதும். வாழைப்பழம் கரும்புள்ளி விழுந்து கனியக் கனிய ஃப்ரக்டான் கூடும், அதனால் சற்றுக் கெட்டியாகவே பாருங்கள். வீட்டில் செய்ய நேரம் இருந்தால் வறுத்த அவல், வேர்க்கடலை, வெள்ளை எள், கொஞ்சம் பூசணி விதை எல்லாவற்றையும் வெல்லப் பாகில் கிளறி, தட்டில் நெய் தடவிக் கொட்டி, சூடாக இருக்கும்போதே வில்லை போட்டுவிடுங்கள். டப்பாவில் ஒரு வாரம் நிற்கும். ஆனால் எந்த பாரும், இதுவும்கூட, மதியச் சாப்பாடு ஆகாது. மாதக் கடைசியில் டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையும் கொண்டுபோங்கள். முட்டை சாப்பிடாதவர் என்றால், சாதத்தில் தாராளமாக வேர்க்கடலை சேருங்கள்.

கடை பார் தேவைப்படும் நாட்கள் வரும். மேலே சொன்னபடி தேறிய ஒன்றை வாங்கி, வீட்டிலிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பாதி சாப்பிடுங்கள், அன்று மற்றச் சாப்பாடு வழக்கம்போல இருக்கட்டும். ஒன்றும் ஆகவில்லையென்றால் அடுத்த ஞாயிறு முழுசாக. அதன்பின் ரயிலுக்குக் கொண்டுபோகலாம்.

மும்பைப் பயணம்

மும்பை நீங்கள் நினைப்பதை விட உங்களுக்கு வசதியான ஊர். அங்கே பல ஓட்டல்களில் ‘ஜெயின்’ என்று சொன்னால் வெங்காயம், பூண்டு இல்லாமல் செய்து தருவார்கள். ஐபிஎஸ் கதையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பருப்பும் பட்டாணியும் அதில் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காலையில் இட்லி, வெங்காயம் போடாத போஹா, அதாவது நம் அவல் உப்புமா, கிடைக்கும். விரதச் சாப்பாடான சாபுதானா கிச்சடி ஜவ்வரிசி, வேர்க்கடலை, உருளைக்கிழங்கில் செய்வது, வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. மாலைப் பசிக்கு நல்ல சாப்பாடு அது. பாவ் பாஜியும் வடா பாவும் கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றையும் ஒன்றாக இறக்கும். சோதனைக் கட்டம் முடியும் வரை அவை வேண்டாம். கொண்டுபோன கடலை மிட்டாய் தீர்ந்தால் அங்கே அதற்குச் சிக்கி என்று பெயர், பக்கத்து லோணாவளா அதற்குப் பேர்போன ஊர். வேர்க்கடலைச் சிக்கியாகப் பார்த்து வாங்குங்கள், முந்திரிச் சிக்கி வேண்டாம்.

அந்த ஐந்து நாளும் புதிதாக எந்த பாரையும் முயன்று பார்க்காதீர்கள். பயிற்சி வகுப்பின் தேநீர் இடைவேளையில் மேசையில் பரப்பி வைத்திருப்பார்கள், ‘ஹெல்தி’ என்று கையிலும் கொடுப்பார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஊருக்கு வந்து உறையைப் படித்துக்கொள்ளலாம். இசப்கோலையும் மருத்துவர் தந்த மாத்திரையையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் வேண்டாம். எடை விஷயத்தை மருத்துவரிடம் சொல்வது மட்டும் பயணத்துக்கு முன்பே நடக்கட்டும்.